பந்தி பரிமாறியவன்

மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டினான் டிவிக்காரன்.

"வடமாநிலத்துக்காரங்கதானேம்மா?"

அவள் கழுத்தில் வைத்திருந்த துண்டை எடுக்கவில்லை. காலையில் செயினை அறுத்தவன் கழுத்துத் தோலையும் சேர்த்து அறுத்துப் போயிருந்தான்.

துண்டு மமதாவுடையது.

மமதா பக்கத்து லைன் வீட்டு ஒடிசாக்காரி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தது அவள்தான். தலையில் கட்டியிருந்த ஈரத்துண்டை அவிழ்த்து, காயத்தில் வைத்து அழுத்திப் பிடித்தாள்.

தெரு அப்புறம்தான் வந்தது.

லைன் வீடுகளின் சொந்தக்காரர் நாச்சிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஆள் எப்படி இருந்தான், எந்தப் பக்கம் போனான், ஒன்றும் கேட்கவில்லை.

"வடக்கனா?"

அவள் தலையாட்டிவிட்டாள்.

கழுத்தை அழுத்தியிருந்த கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் அழுத்தியது.

ஏன் ஆட்டினாள்? பாழாய்ப்போன தலை. வலியில் ஆட்டினேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். வலியெல்லாம் இல்லை. செயினை அறுப்பதற்கு முன்னால் மணி கேட்பதற்காக ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கியவனை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அதைச் சொன்னால் தெருவே அவள்மேல் பாயும். வடக்கன் என்றால் யாருக்கும் சங்கடமில்லை. எல்லோருக்கும் நிம்மதி.

அந்தத் தலையாட்டலை எவனோ போனில் எடுத்து ஏரியா குரூப்பில் போட்டுவிட்டான். பத்து மணிக்குள் ஊரே பார்த்துவிட்டது. பதினொன்றுக்கு, லைனில் இருந்த ஆறு ஒடிசாக் குடும்பங்களையும் இன்றைக்கே காலி செய்யச் சொல்லிவிட்டார் நாச்சிமுத்து.

கேமராவுக்குப் பின்னால் மமதா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"சொல்லுங்கம்மா, லைவ் போயிட்டிருக்கு."

அவள் மமதாவின் முதுகைப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது.

"வடக்கன் இல்லீங்க. நம்மூருப் பையன்தான். பேரு தெரியாது, மூஞ்சி தெரியும். போன மாசம் மாரியம்மன் நோம்பியில நமக்கெல்லாம் பந்தி பரிமாறினது அவன்தானுங்க."



நாச்சிமுத்துவின் முகம் போன போக்கைப் பார்த்தாள். அவருக்கும் ஆள் புரிந்துவிட்டது.

"அம்மிணி பயந்து போயிருக்குதுங்க," என்றார் அவர், டிவிக்காரனைப் பார்த்து. "காலையிலேயே சொல்லிப்போட்டுது. எல்லாருகிட்டயும் வீடியோ இருக்குது."

மைக் அவள் வாயிலிருந்து விலகியது. டிவிக்காரன் கேமரா பக்கம் திரும்பிக்கொண்டான். பாதிக்கப்பட்ட பெண் அதிர்ச்சியிலிருந்து இன்னும் மீளவில்லை என்றான். வடமாநிலக் கும்பலின் கைவரிசையால் மக்கள் அச்சத்தில் இருக்கிறார்கள் என்றான். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

அவள் எழுந்து மமதாவிடம் போனாள். ஆட்டோவில் மூட்டைகள் ஏறிவிட்டிருந்தன.

 துண்டை எடுத்து நீட்டினாள்.

மமதா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தாள்.

"வெச்சுக்கோ அக்கா. ரத்தம் இன்னும் நிக்கல."

துண்டோடு அவள் கையைப் பிடித்துக் காயத்தின்மேல் வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள். ஆட்டோ போய்விட்டது.

மளிகைக் கடை வாசலில் நாலு பேர் ஒரு போனைச் சுற்றி நின்றிருந்தார்கள். வீடியோவில் அவள் தலையாட்டினாள். திரும்பப் போட்டார்கள். திரும்பவும் ஆட்டினாள்.

அதில் அவள் கழுத்தை அழுத்திப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.