தாடி வைத்த டிசைனர்

"உள்ளே போனதும் நீ வாயைத் திறக்கவே கூடாது. தாடியைத் தடவு, 'ம்' சொல்லு. அது போதும்."

"ஒரு வசனம்கூட இல்லையாக்கா?" தம்பி பரிதாபமாகக் கேட்டான்.

"நீ வசனம் பேசினா குட்டு வெளிப்பட்டுடும். பேசாம வா."

சோப்புக் கம்பெனியின் மாடிப்படியில் நடந்தது இந்த ஒத்திகை. பொருள்களுக்கான அட்டைப்பெட்டி வடிவமைப்பதில் அக்கா கெட்டிக்காரி. ஆனால் இழுத்து முடிந்த கொண்டையும் துணிப்பையுமாக அவள் போய் நின்றால், "டிசைனர் எப்பம்மா வருவாரு?" என்றுதான் கேட்பார்கள். வந்த ஆர்டரெல்லாம் அப்படியே கைநழுவின. இதுவும் போனால் தொழிலை ஏறக்கட்ட வேண்டியதுதான். அதனால்தான், நாடகத்தில் மந்திரி வேஷத்துக்காகத் தாடி வளர்த்திருந்த தம்பிக்குக் கறுப்புச் சட்டை மாட்டி அழைத்து வந்திருந்தாள். இன்றைக்கு அவன் டிசைனர், அவள் உதவியாளர்.

அறையில் முதலாளி நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். முறுக்கு மீசை, விரலெல்லாம் மோதிரம், கணீர்க் குரல். பக்கத்து ஸ்டூலில் கசங்கிய சட்டையோடு ஓர் ஒல்லி மனிதர்.

"இவர் நம்ம கணக்கர்" என்ற முதலாளி, தம்பியைப் பார்த்ததும் ஏனோ தடுமாறி மீசையை நீவிக்கொண்டார். தம்பிக்குத் திடீரென்று இருமல் வந்தது. அக்கா அவன் காலை மிதித்தாள்.

"பார்த்த உடனே தெரியுது, பெரிய கலைஞர்!" என்றார் முதலாளி.

"ம்" என்றான் தம்பி.

அக்கா தான் செய்த சோப்புப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். கணக்கர்தான் முதலில் கையில் எடுத்தார்.

"மூடியில எதுக்கும்மா ஓட்டை?"

"கடையில சோப்பை எடுக்கறவங்க முதல்ல மூக்குகிட்டதான் சார் கொண்டுபோறாங்க. வாசனை வரலைன்னா ஓரத்தைக் கிழிச்சு மோந்து பார்த்துட்டு, கிழியாத பெட்டியா எடுத்துட்டுப் போயிடறாங்க."

"ஆமாம்மா! கிழிஞ்சதெல்லாம் எங்க தலையிலதான் வந்து விழுது." கணக்கரின் முகம் மலர்ந்தது. "சரி, ஓட்டை வழியா வாசனை போயிடாதா?"

"வாசனை போறதுக்குள்ள சோப்பு வித்துப் போயிடும் சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இருவரும் பெட்டியைப் பிரித்தார்கள், மடித்தார்கள், எழுத்தின் நிறத்துக்காகக் கொஞ்சம் சண்டையும் போட்டார்கள். அதுவரை முதலாளி கூரையைப் பார்த்தார், தம்பி தரையைப் பார்த்தான்.

கடைசியில் கணக்கர் முதலாளியின் காதில் ஏதோ கிசுகிசுத்தார்.

"ஆர்டர் உங்களுக்குத்தான்!" முதலாளி மேசையைத் தட்டினார். "இப்படி ஒரு மேதையை நான் பார்த்ததே இல்லை!" என்று தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சலும். பெட்டி அவளுடையது, பாராட்டு தாடிக்கு!

"அந்த முதலாளிக்கு ஆளை எடைபோடவே தெரியலைடா" என்று படியிறங்கும்போது முணுமுணுத்தாள்.

அதுவரை அடக்கிவைத்த சிரிப்பு தம்பிக்குப் பீறிட்டது. "முதலாளியா? அக்கா, அவர் எங்க நாடகத்துல ராஜா வேஷம் போடறவர்! அந்த மோதிரமெல்லாம் எங்க நாடகத்து மோதிரம்!"

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "அப்போ நிஜ முதலாளி யாருடா?"

மேலேயிருந்து அந்த ஒல்லி மனிதர் மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"அம்மா, உங்க டிசைனர் எங்க ராஜாவோட மந்திரியாமே! இந்தச் சட்டையில என்னைப் பார்த்து யாருமே முதலாளின்னு நம்ப மாட்டேங்கறாங்கம்மா... உங்களுக்கும் அதே தொல்லைதானா?"