கையால் துருவிய சோளம்

ரொசால்பாவைக் கட்ட வேண்டுமென்றால், அவள் அம்மா எடெல்மிராவுக்கு நான் துருவிய சோளம் சேர்த்த அவரைக்கொட்டைக் கூட்டு சமைத்துப் போட வேண்டும். அவரைக்கொட்டையையும் சோளத்தையும் பரங்கியையும் அடுப்பில் ஏற்றிவிட்டு, தோட்டத்து வேலை அலுப்பில் தூங்கிவிட்டேன். சட்டியோடு கருகிவிட்டது. பக்கத்து வீட்டு நெல்டா அக்காவிடம் ஒரு சட்டி கூட்டு வாங்கி, நான் சமைத்ததென்று எடெல்மிரா முன் வைத்தேன்.

எடெல்மிரா வாயில் வைத்ததும் கரண்டியைப் போட்டாள்.

"மிக்ஸியில அடிச்ச சோளம்! நான் இத்தனை வருஷமா கையாலதான் துருவுறேன். துருவச் சோம்பல்படுறவனுக்கு எம்பொண்ணு கிடையாதுடா!"

ஜன்னலில் நெல்டா தலை தெரிந்தது.

"எடெல்மிரா, காலையில நீ கொடுத்தனுப்பின கூட்டை இவன் மொத்தமா வாங்கிட்டு வந்துட்டான். எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்குமா?"

எடெல்மிரா மெல்லக் கரண்டியை எடுத்தாள்.

"மாப்பிள்ளை, திராட்சை அறுவடை முடிஞ்சதும் கல்யாணம். மிக்ஸி பேச்சு மட்டும் வெளிய போகக் கூடாது."