எங்கள் ஊர் உறையில் மூன்று சீட்டுகள்

மேலிடப் பார்வையாளர் எங்கள் ஊர் உறையைக் கடைசியாகக் கிழித்தார்.

அதுவரை இரண்டு பேருக்கும் ஆளுக்கு முப்பது ஓட்டு.

மூன்று சீட்டையும் மேசைமேல் பரப்பி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். குருவிநத்தம். சிவப்பிரகாசம் ஒன்று. புகழ்வேந்தன் இரண்டு.

பாகூர் கல்யாண மண்டபத்தில் இருந்த அத்தனை தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. சிவப்பிரகாசம் அண்ணன் எங்கள் ஊர்க்காரர். வேறு எந்த ஊர் கைவிட்டாலும் சொந்த ஊரில் மூன்றும் தனக்குத்தான் என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்.

இந்தத் தடவை எம்.எல்.ஏ. சீட்டு யாருக்கு என்பதைக் கட்சிக்காரர்களே ரகசிய ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. ரகசியம் என்றால் எல்லாச் சீட்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் குலுக்கியிருக்க வேண்டும். யாருக்கு எங்கே செல்வாக்கு என்று தெரிய வேண்டுமாம், ஊர் ஊராக உறை போட்டு எண்ணினார்கள். ஊருக்கு மூன்று ஓட்டு. மூன்று பேருக்குள் என்னய்யா ரகசியம்?

எங்கள் ஊருக்குக் கிளைச் செயலாளர் நான். துணைச் செயலாளர் அய்யனார். மகளிரணி ஜெயசித்ரா. போட்டி போடுகிறவருக்கு ஓட்டு கிடையாது.

முந்தின நாள்தான் அண்ணன் வீட்டில் மூன்று பேரும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்திருந்தோம்.

அண்ணன் முப்பது வருஷக் கட்சிக்காரர். டெபாசிட் கூடத் தேறாத காலத்தில் கொடி கட்டியவர். கோயில், குடும்பம், கட்டுப்பாடு என்று மேடையில் பேசுவதை வீட்டிலும் கடைப்பிடிக்கிறவர். புகழ்வேந்தன் கட்சிக்கு வந்து பதினாலு மாசம் ஆகிறது. அவர் கார்க் கண்ணாடியில் பழைய கட்சி ஸ்டிக்கரைச் சுரண்டின தடம் இன்னும் போகவில்லை. அந்த ஆள் வந்த நாளிலிருந்து நாங்கள் ஒரிஜினல், புதுசு என்று இரண்டாகக் கிடந்தோம். எல்லாருக்கும் தோளில் ஒரே கரைத்துண்டுதான், மத்தியானப் பந்தியில் மட்டும் தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அண்ணன் எழுந்து வந்து எங்கள் முன்னால் நின்றார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அந்த ஒண்ணு யாருதுப்பா?"

ஜெயசித்ரா மறைக்கவில்லை. தன்னுடையது இல்லை என்று நேராகவே சொல்லிவிட்டாள். மகனுக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை வாங்கித் தருவதாகப் புகழ்வேந்தன் சொன்னாராம், பெத்த வயிறு கேட்கவில்லையாம். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். நெஞ்சழுத்தக்காரி.

மிச்சம் நானும் அய்யனாரும்.

"என்னுதுண்ணா" என்றேன் நான்.

அய்யனாரும் அதே நேரத்தில் அதையேதான் சொன்னான்.

ஒரு சீட்டுக்கு இரண்டு பேர் நின்றோம்.

எனக்கு இதில் போனால் பேர்தான் போகும். அய்யனாருக்கு அப்படியில்லை. அவன் மகள் இளவரசியும் அண்ணன் மகன் மணிபாரதியும் பிள்ளையார்குப்பத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. ஒருத்தரை ஒருத்தர் விரும்பிவிட்டார்கள். அய்யனார் வேறு தெரு. முடியவே முடியாது என்று இரண்டு வருஷம் நின்ற அண்ணன், கட்சியில் கூடவே அலைகிறவன், நம்பலாம் என்று போன மாசம்தான் இறங்கி வந்தார். வருகிற வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதாக இருந்தது.

அண்ணனின் சொந்தக்காரர்கள் இதற்காகவே காத்திருந்தார்கள் போல. அந்தத் தெருக்காரனை நம்பினால் வேறென்ன நடக்கும் என்று ஒருத்தர் காதில் விழும்படியே சொன்னார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விடுவேனா? சூடம் அணைத்த கையை அண்ணன் முகத்துக்கு நேராக நீட்டினேன். பால் சொசைட்டித் தலைவர் பதவி தருகிறோம் என்று புகழ்வேந்தன் ஆட்கள் என் வீட்டுப் படியும்தான் ஏறினார்கள், காபியைக் கொடுத்து அனுப்பி வைத்தேன் என்றேன். இருபத்தாறு வருஷமாக உங்கள் பின்னாலேயே வந்தவனை நிற்க வைத்துக் கேட்கிறீர்களே, அடுக்குமா என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. சத்தியமாக அது நடிப்பில்லை.

அய்யனாருக்கு இப்படியெல்லாம் பேச வராது.

"எம் பொண்ணு மேல சத்தியமாண்ணா."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பெண்ணைக் கரையேற்றத்தான் இப்படிக் கெஞ்சுகிறான் என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். அவன் உதடு கோணிக்கொண்டது.

அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நீட்டிய கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டேன்.

பிறகு என் தோளில் கையைப் போட்டார்.

"வெள்ளிக்கிழமை யாரும் வர வேணாம். வூட்ல சொல்லிடு" என்றார் அய்யனாரிடம்.

வெளியே புகழ்வேந்தன் ஆட்கள் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். அந்தச் சத்தத்திலும் அய்யனார் சட்டைப் பையில் செல்போன் அடிப்பது கேட்டது. இளவரசியாகத்தான் இருக்கும், என்ன ஆச்சு என்று கேட்க. அவன் எடுக்கவில்லை.

என் சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் யாருக்குப் போட்டேன் என்பது அந்த மண்டபத்தில் என்னைத் தவிர அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.