குடையை வைத்து ஒரு வாக்கியம்

மாடிப்படியில் குழந்தை வீறிட்டதும் பெனிட்டாவின் கை முந்தானையை இழுத்து மார்பின் ஈரத்தை மூடியது. ஆங்கில வகுப்பு ஆசிரியர் திரும்பாமலே பலகையில் ‘லீவ் பிஹைண்ட்’ என்று எழுதினார். “மறந்து வச்சிட்டு வந்தாலும் இதுதான், தெரிஞ்சே விட்டுட்டுப் போனாலும் இதுதான். சொந்த வாழ்க்கையிலேருந்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க.” முன்வரிசை ஜெபின் பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்ததை ஆங்கிலத்தில் சொன்னான். “குடைய மட்டுமா விட்ட, கூட வந்தவளையுமா?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது. அடுத்தது பெனிட்டா. நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போவதென்று முடிவான நாளிலிருந்து அவளிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். ஒரு பிழையும் இல்லாத வாக்கியம். வாயைத் திறந்தாள். அவளும் குடையைத்தான் சொன்னாள். “சபாஷ்! பரீட்சையிலயும் இதையே சொல்லுங்க” என்றார் ஆசிரியர். வாசலில் அவள் மாமியார், பெனிட்டாவின் பழைய பூப்போட்ட சேலையை உடுத்திக்கொண்டு, குறையாத பால்புட்டியும் அழுகிற பிள்ளையுமாக நின்றாள்.

“நீ போறதுக்குள்ள பழக்கிரலாம்னு, உன் சேலையக் கட்டிக்கிட்டு, உன்ன மாதிரியே மடியில போட்டுக் குடுத்துப் பாத்துட்டேன் மக்களே. மூஞ்சிய நிமிந்து பாத்துட்டுப் பாலைத் துப்புதான்.”