கஸ்பாரின் வீங்கிய விரல்

நிலத்தடியில் கடல்நீர் ஏறியபின் எங்கள் தெருவில் மல்லிகையும் ரோஜாவும் கருகிப்போயின, தேனீக்களும் மறைந்துபோயின. வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் புல் விரித்தோம். மாடித் தொட்டிச் செடிகள் காய்ப்பதற்கு, பூவுக்குப் பூ பறந்து மகரந்தம் தூவும் குட்டி மிஷின்களை வாடகைக்கு எடுத்தோம். ரெஜினா மட்டும் கொல்லைச் சுவரை இடித்துக் கடலை உள்ளே விட்டாள். கரையிலிருந்து உப்புநீரிலும் தழைக்கும் அடும்பங்கொடியையும் உமரிச் செடியையும் கொண்டுவந்து ஊன்றி, அதுபாட்டுக்கு வளர விட்டாள்.

அவள் கணவர் கஸ்பாருக்கு அது மானப்பிரச்சினை. திருவிழா ஊர்வலத்தில் மாதா சப்பரம் வாசலுக்கு வரவிருந்த காலையில் அரிவாளோடு இறங்கிவிட்டார்.

"ஊரே பாக்கும். காடு மாதிரி கெடக்கு. இன்னிக்கு வெட்டியே தீருவேன்."

"மாதாவுக்கு பிளாஸ்டிக் பூவா போடணும்? ஒரு கொடியத் தொட்டுப் பாருங்க, தெரியும்!"

அவர் குனிந்து கொடியைப் பிடித்தார். ஊதா நிற அடும்பம்பூவுக்குள் ஏதோ ரீங்கரித்தது.

"எவன் வீட்டு மிஷினோ இங்க வந்துட்டு" என்று அதை எடுத்தவர், மறுநொடி அலறி அரிவாளைக் கீழே போட்டார்.

ரெஜினா அவர் விரலை இழுத்துப் பார்த்தாள். கொடுக்கு அப்படியே நின்றது. மிஷின் எங்கே கொட்டும்? அவள் தெருவுக்கு ஓடினாள்.

"எல்லாரும் ஓடி வாங்க! எங்க வீட்டுக்காரர தேனீ கொட்டிட்டு!"

அடும்பம்பூ மாலையோடு சப்பரம் எங்கள் தெருவைக் கடந்தது. அதற்கு முன்னால் கஸ்பார் நடந்தார், வீங்கிய விரலை உயர்த்தியபடி.

"தொடாதீங்கடே, வலிக்கு" என்று ஒவ்வொருவரிடமும் நீட்டினார். "எங்க தோட்டத்துத் தேனீயாக்கும்!"