கடைசி வரிசைக்கு விடை

கத்தியவார் சமஸ்தானம் ஒன்றில் தர்பார் முடிந்ததும் திவானே தன் கையால் அத்தர் பூசி, பீடா கொடுத்து விடையளிப்பார். அதை வாங்காமல் ஒருவரும் எழக்கூடாது.

ஓய்வு பெறும் நாளில் திவான் ஜடாசங்கர் எல்லோருக்கும் கொடுத்து முடித்தார். அத்தரும் பீடாவும் வைத்த தாம்பாளம் ஏந்திய பணியாள் வஜா மட்டும் நகரவில்லை.

"சாஹிப், கடைசி வரிசையில இன்னும் ஆளுங்க உக்காந்திருக்காங்க."

"யாருடா?"

"கடியாளி ஊர்க்காரங்க. பஞ்சத்துல களஞ்சியத்தைத் தொறக்கச் சொல்லி வந்தாங்களே? நீங்க பீடா குடுக்காமலே எழுந்து போயிட்டீங்க."

"அவங்கதான் அந்தக் கோடையிலேயே செத்துப்போனாங்களேடா!"

"ஆமா சாஹிப். விடை குடுக்கலையே, எப்படிப் போவாங்க?"

அந்தப் பஞ்சத்தில் களஞ்சியத்திலிருந்து ஒரு மூட்டை தானியம்கூட வெளியே போகாமல் காத்ததற்குத்தான் வெள்ளைக்காரன் அவருக்குப் பதக்கம் தந்திருந்தான். இன்றும் அது மார்பில் தொங்கியது.

ஜடாசங்கர் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு நடந்தார். ஓரமாக இருந்த கிழவனிடம் பீடாவை நீட்டினார்.

கிழவன் அதை வாங்கவில்லை. அத்தரில் விரலைத் தோய்த்து, திவானின் மணிக்கட்டில் மெல்லப் பூசினான். பிறகு ஒரு பீடாவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

அந்த வரிசை முழுவதும் எழுந்து அவருக்கு வழிவிட்டது.