கவிழ்த்து வைத்த போன்

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்கான வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தது.

துபாயின் ஜெபல் அலியில், தொழிலாளர் கேம்ப்புக்கு எதிரே இருந்த சின்ன மளிகைக்கடையில், செய்கு அலாவுதீன் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து கடைக்காரன் முகம்மது ரிபாயின் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லாவின் மேல் அது கவிழ்ந்து கிடந்தது. அதிரும்போதெல்லாம் ரிபாய் எடுத்துப் பார்ப்பான். பார்த்துவிட்டு மறுபடியும் கவிழ்த்து வைப்பான்.

காலையிலிருந்து இப்படித்தான்.

ஊரில் அவர்களுடைய வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. யாரை நிறுத்துவது என்பதைக் கட்சி ஜமாத்திடம் விட்டது. ஜமாத் வழக்கம்போல துபாய்க் கிளையிடம் விட்டது. ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து, தேராவில் ஓர் அறையில் கூடிக் கை தூக்கினார்கள். ஒரு பக்கம் அலாவுதீனின் தங்கை ஆமிரா. மறுபக்கம் ரிபாயின் மனைவி சித்தி மரியம்.

ஆமிராவுக்கே அதிகம் கைகள் உயர்ந்தன.

மரியத்துக்குக் கை தூக்கியவர்கள், பிரியாணி வைத்த சஹன் தட்டைத் தொடாமலேயே எழுந்து போனார்கள். ரிபாய் மட்டும் இருந்து சாப்பிட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மௌனம்தான் அலாவுதீனைத் தூங்கவிடவில்லை. கோபித்துப் போனவர்கள் வீட்டுக்குப் போன் போட்டு, எதிர் அணிக்குக் குத்து என்று சொல்லிவிட்டால்? ஒரு ஓட்டும் சிதறாது என்று மாவட்டச் செயலாளரிடம் உறுதி சொன்னவர் அவர். தங்கை தோற்றால் கட்சி இனி ஜமாத்தின் பேச்சைக் கேட்காது. ஜமாத் இனி அவர் பேச்சைக் கேட்காது.

அதனால்தான் தேராவில் தன் பாத்திரக்கடையை அடைத்துவிட்டு, மெட்ரோ பிடித்து இங்கே வந்து உட்கார்ந்திருந்தார். கண்ணெதிரே இருந்தால் ரிபாய் யாரிடமும் ஏறுக்குமாறாக எதுவும் சொல்ல மாட்டான்.

"ஒன் ஆளுங்க வீட்ல எல்லாம் போட்டாச்சா ரிபாய்?"

"போடுவாங்க காக்கா." மூத்தவர்களை ரிபாய் அப்படித்தான் அழைப்பான். "டீ ஆறுது, குடிங்க."

கேம்ப்பிலிருந்து சோலையப்பன் தயிர் வாங்க வந்தார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன பாய், ஓட்டு எண்ணுறது ஒங்க கடையிலயா? பெரியவரு ஓட்டுப் பொட்டிக்குக் காவல் இருக்க மாதிரியில்ல ஒக்காந்திருக்காரு!"

"ஒங்க ஊர்ல எலக்சன் இல்லையாண்ணே?" என்றான் ரிபாய்.

"இல்லாம என்ன. இங்க இருக்க நமக்குத்தான் ஓட்டு மாஃபி, கெடையாது. வீட்டுக்காரிகிட்ட இன்னதுக்குக் குத்துன்னேன். சரின்னுச்சு. எதுல குத்துச்சோ, அந்த மிஷினுக்குத்தான் வெளிச்சம்."

சிரிக்க வாய் திறந்த ரிபாய், அலாவுதீன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

சோலையப்பன் போன பிறகு அலாவுதீன் தன் மனைவி ஷம்சியாவுக்குப் போன் போட்டார். இந்த ஒரு வீட்டு ஓட்டிலாவது சந்தேகம் கிடையாது.

தெருவில் குடிதண்ணீர் வரவில்லை என்றால் நகராட்சி அலுவலகத்துக்கு நடப்பவள் அவள்தான். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க வேண்டுமா, முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டதா, பெண்கள் அவளிடம்தான் வருவார்கள். வார்டு பெண்களுக்கு என்று தெரிந்த அன்று, "எம் பேரையும் சொல்லிப் பாருங்களேன் மச்சான்" என்றாள். "ஒனக்கெதுக்கு இந்த அலைச்சல்" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்ததாகத்தான் ஞாபகம்.

போனில் பின்னால் ஒரே பெண்கள் சத்தம்.

"போட்டியா?"

"மொத ஆளாப் போட்டாச்சு மச்சான். பூத்துக்கு வெளிய பந்தல்லதான் இருக்கேன். கூட்டம் நெரியுது. வைக்கட்டா?"

அலாவுதீனுக்கு அன்று முதன்முறையாக மூச்சு சீராக வந்தது. "பாத்தியா, நாத்தனாருக்காக வெயில்ல ஒக்காந்திருக்கா" என்றார், ரிபாய்க்குக் கேட்கட்டும் என்று.

ரிபாய் கல்லாவைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

போன் அதிர்ந்தது. எடுத்தான், பார்த்தான், கவிழ்த்தான்.

"அதுல அப்படி என்னதான் வருது?"

"ஒண்ணுமில்ல காக்கா."

"காட்டு."

"வேணாம், விடுங்க."

அலாவுதீன் எழுந்து வந்து அவரே எடுத்துத் திருப்பினார்.

ரிபாயின் மனைவி மரியம் அனுப்பிய படம். ஆமிராவின் பந்தலில், கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டு, மரியமும் கூட நாலைந்து பெண்களும். எல்லோரும் தேராவில் சாப்பிடாமல் போனவர்களின் வீட்டுப் பெண்கள்.

அவர்களுக்குப் பின்னால், தெருவின் எதிர்ப்பக்கம், இன்னொரு பந்தல். எதிர் அணியின் கொடி. அதன் கீழே மேசை போட்டு உட்கார்ந்து, வரிசையில் நிற்கும் பெண்களுக்குப் பெயர் தேடிச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் ஷம்சியா.

"காலையிலேயே மரியம் சொன்னா" என்றான் ரிபாய். "ஓட்டு முடியிற வரைக்குமாவது ஒங்களுக்குத் தெரிய வேணாம்னு பாத்தேன்."

அலாவுதீன் போனைக் கல்லாவில் கவிழ்த்து வைத்தார்.

செவ்வாய்க்கிழமை எண்ணினார்கள். ஆண்கள் வாக்குச்சாவடியில் ஆமிரா முந்தினாள். பெண்கள் வாக்குச்சாவடியில் பின்தங்கினாள். வார்டு எதிர் அணிக்குப் போனது.